மூழ்கிய கப்பலின் மேல் வளர்ந்த பாரில் முக்குளிப்பது எப்படி?

வெப்பமண்டலக் கடலில் ஓர் இரும்புத் தகடு விழுந்த சில நாள்களிலேயே அதன் மேல் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் படிந்துவிடுகிறது. அந்தப் படலத்தைப் பற்றிக்கொண்டு பாசியும் கொட்டலசும் சிப்பிகளும் ஒட்டுகின்றன. அவற்றுக்கு மேல் கடற்பஞ்சும் மென்பவளமும் இடம்பிடிக்கின்றன. நீரோட்டத்தில் மிதந்து வரும் பவளத்தின் இளவுயிரிகள் உறுதியான பிடிமானம் கிடைத்த இடத்தில் இறங்கி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் கல்லாக வளர்கின்றன. பொந்து தேடி அலையும் களவாவும் அஞ்சாளையும் அங்கே குடியேறி, அவற்றைச் சுற்றிச் சீலாவும் பாரை மீனும் வட்டமிடத் தொடங்கும்போது அந்தக் கப்பல் ஒரு பார் ஆகிவிடுகிறது. பார் என்பது நம் கடற்கரை மீனவர்கள் கடலடித் திட்டுக்கு வழங்கும் பெயர். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளைந்த திட்டுகளை முத்துப்பார் என்றே அழைத்தார்கள். இந்த வழிகாட்டியிலும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

சிங்கப்பூரில் வாழ்கிற, ஸ்கூபா முக்குளிப்பில் அடிப்படைச் சான்றிதழ் பெற்றுவிட்ட அல்லது விரைவில் பெறவிருக்கிற ஒருவர், ஆழம் குறைந்த ஒரு கப்பற்பாரில் தமக்கும் அந்தப் பாருக்கும் தீங்கு நேராமல் முக்குளிப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். ஆழம் குறைவு என்பதால் எளிது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. துருப்பிடித்த கூர்விளிம்புகள், சிக்கிக் கிடக்கும் தூண்டில் நரம்புகள், கலக்கினால் கண்ணை மறைக்கும் வண்டல், காலில் அணியும் துடுப்பு பட்டால் ஒடிந்துவிடும் பவளக் கிளைகள் ஆகிய அனைத்தும் 8 மீட்டர் ஆழத்திலும் உள்ளன. இவற்றுக்கெல்லாம் ஒரே காப்பு, நீருக்குள் எதையும் தொடாமல், ஏறாமல், இறங்காமல் நினைத்த இடத்தில் நிற்கும் திறமைதான்.

எந்தக் கப்பலுக்குப் போவது

முதல் கப்பற்பாருக்கு மூன்று தகுதிகள் வேண்டும். அதன் பெரும்பகுதி 18 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் அடிப்படைச் சான்றிதழ் அந்த ஆழம் வரைதான் செல்லும். நீரோட்டம் மென்மையாக இருக்க வேண்டும். கப்பலின் வெளிப்புறத்தைச் சுற்றி வருவதே மனநிறைவு தரும் அளவுக்கு அதன் மேல் உயிர்கள் செழித்திருக்க வேண்டும்.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்து, சிங்கப்பூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் விமானத்தில் சென்றுசேரக்கூடிய தீவில் கிடப்பது, பாலியின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் சிற்றூருக்கு எதிரே உள்ள லிபர்ட்டி கப்பல். 1918ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலை, 1942 ஜனவரி 11ஆம் தேதி, லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நீர்மூழ்கிக்குண்டால் தாக்கியது. சிங்கப்பூர் வீழ்வதற்கு அப்போது ஏறத்தாழ ஐந்து வாரங்கள் இருந்தன. இரண்டு போர்க்கப்பல்கள் அதைச் சிங்கராஜா துறைமுகத்தை நோக்கி இழுத்துச் சென்றன. உள்ளே நீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழியில் துலாம்பென் கரையிலேயே தரைதட்ட விட்டுவிட்டார்கள். 21 ஆண்டுகள் அது கரையில் கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வுகளே அதைக் கடலுக்குள் சரியச் செய்தன. இன்று 120 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள அக்கப்பல், கரைக்கு இணையாக, கரும் எரிமலை மணற்சரிவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மேல்விளிம்பு ஏறத்தாழ 5 மீட்டரிலும் அடிப்பகுதி ஏறத்தாழ 30 மீட்டரிலும் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட லிபர்ட்டி வகைக் கப்பல்களில் இதுவும் ஒன்று என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு, இது அந்த வகைக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது, பெயர் மட்டுமே ஒன்று.

கடலடியில் கிடக்கும் எல்லாக் கப்பல்களும் இப்படிச் சென்று பார்க்கத் தக்கவை அல்ல. 1941 டிசம்பரில் செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து புறப்பட்டு, அம்மாதம் 10ஆம் தேதி குவாந்தான் அருகே மூழ்கடிக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 800க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள். அவை 50 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றன. பழைய இரும்புக்காகக் கள்ளத்தனமாக அவற்றைச் சிதைத்து எடுத்துச் சென்றவர்கள் இருந்தார்கள் என்பது எனக்குத் தாங்கமுடியாத செய்தி. நம் சொந்தக் கடற்பரப்பில், பெட்ரா பிராங்கா அருகே பல நூற்றாண்டுப் பழமை கொண்ட இரண்டு வணிகக் கலங்கள் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2021இல் வெளியானது. முக்குளித்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் தற்செயலாகப் பட்ட சில பீங்கான் தட்டுகளே அந்தக் கண்டுபிடிப்புக்குத் தொடக்கம். எந்தக் கப்பலிலிருந்தும் ஒரு திருகாணியைக்கூட எடுத்து வரக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். இடம் மாறிய பொருளிடம் வரலாற்றாய்வாளர் கேட்டறிய எதுவும் மிஞ்சாது.

வேண்டுமென்றே கடலில் இறக்கப்படும் கட்டமைப்புகளும் உண்டு. 2018இல் தேசியப் பூங்காக் கழகமும் ஜேடிசி கழகமும் சிஸ்டர்ஸ் தீவுகள் அருகே எட்டுப் பெரிய செயற்கைப் பவளப்பாறைக் கட்டமைப்புகளை இறக்கின. எதை வேண்டுமானாலும் கடலில் போட்டால் பார் ஆகிவிடும் என்பதும் சரியன்று. 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் இலட்சக்கணக்கான பழைய டயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டுகள் அறுந்து, டயர்கள் உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளத்தையே நசுக்கின. கனம், நிலைத்தன்மை, நச்சற்ற மேற்பரப்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் உயிர் நிலைக்கும்.

முதலில் சிங்கப்பூர்க் கடலில் நிற்கப் பழகுங்கள்

பயிற்சி எடுத்த கையோடு பாலிக்குப் பயணச்சீட்டு வாங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அதற்கு முன் புலாவ் ஹந்துவில் குறைந்தது ஆறு முக்குளிப்புகளாவது செய்ய வேண்டும். புக்கோம் தீவின் எண்ணெய் ஆலைக்கு எதிரே இருக்கும் அந்தச் சிறு தீவைச் சுற்றியுள்ள நீர் கலங்கல் நிறைந்தது. பல ஆண்டுகளாக நடந்துவரும் நிலமீட்புப் பணிகளும் கப்பல் போக்குவரத்தும் எழுப்பிய வண்டல் அங்கே மிதந்துகொண்டே இருக்கிறது. நல்ல நாளில் நான்கைந்து மீட்டர் தெரியும். மோசமான நாளில் நீட்டிய கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இந்தக் குறையே நல்ல ஆசிரியர். கலங்கல் நீரில் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. காதில் ஏறும் அழுத்தத்தையும், மூச்சின் அளவையும், மணிக்கட்டில் உள்ள முக்குளிப்புக் கணினி காட்டும் ஆழத்தையும் கொண்டே நிலைகொள்ள வேண்டியிருக்கும். இங்கே நிற்கத் தெரிந்தவருக்குத் துலாம்பெனின் தெளிந்த நீரில் தடுமாற்றம் நேராது.

எந்த நாளில் போகலாம் என்பதை வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே ஓரளவு சொல்லிவிடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகுதி. நீரோட்டம் வேகமாக ஓடி வண்டலைக் கிளப்பும். பிறை பாதியாக இருக்கும் அட்டமியையும் அதற்கடுத்த ஓரிரு நாள்களையும் ஒட்டி ஓத வேறுபாடு குறைந்து, நீர் அமைதியடைந்து, தெளிவு கூடும். நற்காரியங்களுக்கு ஆகாது என்று நம் வீடுகளில் ஒதுக்கப்படும் அட்டமியும் நவமியும் சிங்கப்பூரில் முக்குளிப்பவருக்கு மாதத்தின் நல்ல நாள்களாக அமைகின்றன. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறி நிற்கும் வேளையையும் குறித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அந்த ஆறு முக்குளிப்புகளிலும் முதலில் சரிசெய்ய வேண்டியது இடுப்பில் கட்டும் ஈயத்தின் எடை. புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் இரண்டு மூன்று கிலோ கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கூடுதல் எடையை ஈடுகட்ட மிதவைச் சட்டையில் காற்றை நிரப்புகிறார்கள். அந்தக் காற்று ஆழத்துக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் அவர்களை மேலும் கீழும் இழுக்கிறது. சரியான எடையை அறிய ஒரு சோதனை உண்டு. மிதவைச் சட்டையிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, இயல்பான ஒரு மூச்சை உள்ளே நிறுத்திக்கொண்டு நீர்மட்டத்தில் அசையாமல் நிமிர்ந்து நில்லுங்கள். நீர் உங்கள் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்லத் தாழ வேண்டும். இதை முக்குளிப்பின் முடிவில், காற்றுருளையில் 50 பார் அழுத்தம் (இந்தப் பார் அழுத்தத்தின் அலகு) மட்டும் மிஞ்சியிருக்கும்போது செய்து பாருங்கள். நிரம்பிய உருளைக்குள் இருக்கும் காற்றுக்கே ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை உண்டு. அது குறைந்தபின்னும் 5 மீட்டரில் நிற்க முடிந்தால்தான் எடை சரி. நீச்சல் குளத்தில் கணித்த எடை கடலுக்குப் போதாது. உப்புநீரின் அடர்த்தி கூடுதல் என்பதால் இரண்டு கிலோ அளவுக்குச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மூச்சு. நுரையீரலே மிக நுட்பமான மிதவை. மெதுவாக இழுத்தால் ஓரிரு நொடி கழித்து உடல் சற்று எழும்; மெதுவாக விட்டால் சற்றுத் தாழும். இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் அவசரப்பட்டு மிதவைச் சட்டையின் காற்றுப் பொத்தானை அழுத்துவதுதான் ஏறி இறங்கி அல்லாடுவதற்குக் காரணம். மூச்சை அடக்கி மட்டும் வைக்காதீர்கள். அடக்கிய மூச்சோடு மேலெழுந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

மூன்றாவது உதை. நேராக மேலும் கீழும் அடிக்கும் உதை, பின்னால் நீரைக் கீழ்நோக்கித் தள்ளி வண்டலைக் கிளப்புகிறது. முழங்காலை மடக்கி, பாதங்களை உடலுக்கு மேலே வைத்து, தவளையைப்போல் பக்கவாட்டில் விரித்து மூடும் உதையைப் பழகுங்கள். உடல் கிடைமட்டமாக, கைகள் மார்போடு கோத்தபடி இருக்கட்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் முதல் கப்பற்பார் முக்குளிப்பில் நான் மூன்று கிலோ கூடுதலாகக் கட்டியிருந்தேன். என் கால்கள் தாழ்ந்து தொங்கின. நிமிர முயன்று உதைத்தபோது, என் துடுப்பு, கடல் விசிறி என்ற விசிறி வடிவப் பவளம் ஒன்றின் அடித்தண்டில் பட்டு அதை ஒடித்தது. என் முன்கை நீளம் இருந்த அந்த விசிறி அந்த அளவுக்கு வளர எத்தனை ஆண்டுகள் எடுத்திருக்கும் என்பதை மேலே வந்தபின் பயிற்றுநர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன்பின் ஓராண்டு வரை ஹந்துவைத் தவிர வேறெங்கும் நான் போகவில்லை.

உடல்நிலையும் கருவியும்

முக்குளிப்பு மருத்துவப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் முக்குளிப்பு மருத்துவம் அறிந்த மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் சமூகத்தில் பரவலாக இருப்பதால், நாற்பது வயதைக் கடந்தவர்கள் இதைச் சடங்காக எண்ணாமல் செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கக் கூடாது. அடைத்த காதோடு வலிந்து இறங்கினால் செவிப்பறை கிழியும். விரதம் இருக்கும் நாளில், குறிப்பாக நீரும் அருந்தாத விரதத்தில், முக்குளிப்பைத் தவிர்த்துவிடுங்கள். உடலில் நீர் குறைவது, கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படுவதால் வரும் அழுத்தநீக்க நோய்க்கு இடம் தரும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எச்சரிக்கை.

கருவிகளில் சொந்தமாக வாங்கத் தக்கவை முகக்கவசம், காலணியோடு அணியும் துடுப்பு, கணினி ஆகிய மூன்றும்தான். மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். கப்பற்பாருக்கென்று கூடுதலாக ஒரு கைவிளக்கு கட்டாயம் வேண்டும். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை; 10 மீட்டருக்குக் கீழே செம்மை நிறக் கடற்பஞ்சும் மென்பவளமும் சாம்பலாகத் தோன்றும்; விளக்கை அடித்த கணத்தில்தான் அவற்றின் உண்மையான நிறம் எழும்பும். தூண்டில் நரம்பை அறுக்க ஒரு சிறு வெட்டுக்கருவி, மேலெழும்போது படகுகளுக்கு அடையாளம் காட்ட ஒரு மிதவைக் குழல், உடலை மூடும் முழுக்கைச் சட்டை ஆகியனவும் வேண்டும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிடத் துணியால் மூடிக்கொள்வது பவளத்துக்கும் நல்லது. கையுறை அணியாதீர்கள், கையுறை அணிந்த கை தன்னையறியாமல் எதையாவது பற்றிக்கொள்ளும். துருவேறிய இரும்பில் கீறல் பட வாய்ப்பிருப்பதால், டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகிவிடவில்லை என்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நீருக்குள் போகும் முன் காற்றைக் கணக்கிடுதல்

இந்தக் கணக்கைப் பலர் செய்வதில்லை. செய்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. 11 லிட்டர் உருளையை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் அதில் 2200 லிட்டர் காற்று இருக்கும். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் எஞ்சுவது 1650 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சுவிடும் ஒருவருக்கு, 10 மீட்டரில் அழுத்தம் இருமடங்கு என்பதால் 36 லிட்டரும், 20 மீட்டரில் மும்மடங்கு என்பதால் 54 லிட்டரும் தேவைப்படும். ஆகவே அதே உருளை 10 மீட்டரில் 45 நிமிடங்கள் தாங்கும்; 20 மீட்டரில் 30 நிமிடங்களே தாங்கும். ஆழம் குறைந்த பாரின் பெரும் சிறப்பு இதுவே: ஒளி மிகுதி, காற்று நீடிக்கும், நைட்ரஜன் உடலில் மெதுவாகவே ஏறும்.

கரையிலிருந்து இறங்கித் திரும்பும் இடத்தில், 200 பாரோடு தொடங்கினால் 120 பார் காட்டும்போது திரும்பத் தொடங்குங்கள் என்று நான் சொல்வேன். வழக்கமாகச் சொல்லப்படும் 100 பாரைவிட இது கூடுதலான கையிருப்பு. புதிய இடத்தில் வழி தேடவும், துணைவருக்குக் காற்று கொடுக்க நேர்ந்தால் அதற்கும் அந்த 20 பார் உதவும்.

கப்பலைச் சுற்றி வருதல்

துலாம்பெனில் மணற்கரை இல்லை. உருண்டைக் கற்கள் பரந்து கிடக்கின்றன. அவ்வூர்ப் பெண்கள் காற்றுருளைகளைத் தலையில் சுமந்து அக்கற்களின் மேல் நடந்து வந்து இறக்கி வைப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நடங்கள். உருளைகளை நீங்களே சுமக்க முற்பட்டு அவர்களுடைய வருமானத்தைக் குறைக்காதீர்கள். அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது முகக்கவசத்தை அணிந்து, மூச்சுக் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்து, துணைவரின் தோளைப் பிடித்தபடி இடுப்பளவு நீருக்குச் சென்று அங்கேயே துடுப்பை மாட்டிக்கொள்ளுங்கள். கல்லின் மேல் நின்றுகொண்டு மாட்ட முயன்றால் அலை கீழே தள்ளிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலையே சிறந்தது. தெற்குப் பாலியிலிருந்து வண்டிகளில் வரும் கூட்டம் ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் சேரும். அதற்கு முன் போனால், இரவைக் கப்பலுக்குள் கழித்துவிட்டுப் புறப்படும் நெற்றி புடைத்த பெருங்கிளிமீன்களின் கூட்டத்தைக் காண வாய்ப்புண்டு. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய அம்மீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாக்குகின்றன. அவற்றைத் துரத்தாமல், அவற்றின் பாதைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால் அவையே அருகே வந்து கடந்து போகும்.

சுற்றின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். கரும் மணற்சரிவில் மெல்ல இறங்கி, முதலில் உங்கள் சான்றிதழ் அனுமதிக்கும் மிக ஆழமான இடத்துக்குச் செல்லுங்கள்; அங்கிருந்து கப்பலின் வெளிப்புறத்தை ஒட்டி, ஒரு கை நீளத்துக்குக் குறையாத இடைவெளியோடு, படிப்படியாக மேலே வாருங்கள். கடைசி இருபது நிமிடங்களை 5 முதல் 8 மீட்டர் வரையுள்ள மேல்விளிம்பில் செலவிடுங்கள். வெயில் நேராக விழும் அந்தப் பகுதியில்தான் கல்பவளம் செழித்திருக்கும்; பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு ஒளி வேண்டும் என்பதே காரணம். நீரோட்டத்தை எதிர்கொண்டு நிற்கும் பக்கங்களில் கடல் விசிறிகளைத் தேடுங்கள். ஓட்டம் கொண்டுவரும் மிதவையுயிர்களை வடிகட்டித் தின்பதற்காக அவை தம் விசிறியை ஓட்டத்துக்குக் குறுக்கே விரித்து வளர்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து நீர் வழக்கமாக ஓடுகிறது என்பதை விசிறியின் திசையைப் பார்த்தே அறியலாம். கப்பலை விட்டுச் சற்று விலகி மணலைப் பார்த்தால், தோட்டத்துச் செடிகளைப்போல் மணலிலிருந்து பாதி உடலை நீட்டி ஆடும் விலாங்குகள் தெரியும். நெருங்க நெருங்க அவை ஒவ்வொன்றாக உள்வாங்கிவிடும்.

கப்பலுக்குள் நுழையாதீர்கள். உடைந்த பக்கங்கள் திறந்திருப்பதால் உள்ளே போகலாம் என்று தோன்றும். மறுபுறத்து ஒளியும் தெரியும். தலைக்கு மேல் கூரை உள்ள எந்த இடத்திலும் ஆபத்து நேர்ந்தால் நேராக மேலெழ முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள். நீங்கள் விடும் காற்றுக்குமிழிகளே கூரையிலுள்ள துருவை உதிர்க்கும். ஓர் உதையில் எழும் வண்டல், சில நொடிகளில் வெளிவாயிலை மறைத்துவிடும். அந்தக் குமிழிகள் கூரையின் அடியில் தேங்கி, அங்கே ஒட்டி வாழும் உயிர்களை நீரின்றி வாட்டுவதோடு இரும்பு அரிப்பையும் விரைவுபடுத்துகின்றன. உள்ளே செல்வது தனிப் பயிற்சியும், வழிகாட்டும் கயிறும், கூடுதல் விளக்கும் உடையவர்களின் வேலை. வழிகாட்டியாக வருபவர் கையசைத்து உள்ளே அழைத்தாலும் மறுத்துத் தலையசைக்க உங்களுக்கு உரிமை உண்டு. இதை நீரில் இறங்கும் முன்பே அவரிடம் பணிவாகச் சொல்லிவைத்தால் உள்ளே சங்கடம் நேராது.

தொடக்கூடாத உயிர்கள் பாரின் எங்கும் இருக்கின்றன. கல்மீனும் தேள்மீனும் பாசி படிந்த இரும்பைப் போலவே தோற்றமளிக்கும். சிங்கமீனின் முள் குத்திவிட்டால், காயத்தைத் தோல் தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியசுக்கு மிகாத வெந்நீரில் அரை மணி நேரமாவது அமிழ்த்தி வைக்க வேண்டும்; வெப்பம் வலியைத் தணிக்கும்; அதன்பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கூடுகட்டும் பருவத்தில் பெரிய கிளாத்தி மீன் தன் கூட்டுக்கு மேலே கூம்பு வடிவில் விரியும் பரப்பைத் தனதாகக் கருதிக் காக்கும். அது சீறி வந்தால் மேல்நோக்கி ஓடாமல், துடுப்பை அதன் பக்கம் வைத்துக்கொண்டு கிடைமட்டமாக விலகிச் செல்லுங்கள்; மேலே போனால் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள்.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் மேலெழுந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடங்கள் நில்லுங்கள். துலாம்பெனில் இந்த நிறுத்தத்தைக் கப்பலின் மேல்விளிம்புக்கு அருகிலோ சரிவின் மேற்பகுதியிலோ செய்யலாம். மற்ற இடங்களில் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு கழிக்க வேண்டிய அந்த மூன்று நிமிடங்கள் இங்கே வண்ணாத்தி மீன்களைப் பார்ப்பதில் கழியும்.

பயணத் திட்டத்தில் கவனிக்க வேண்டியவை

தியோமான், ரெடாங் போன்ற மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும். பாலியில் மழைக்காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை நீர் தெளிந்திருக்கும். மார்ச்சை ஒட்டி வரும் நியேப்பி என்ற பாலி இந்துப் புத்தாண்டில் தீவு முழுவதும் ஒருநாள் மௌனம் காக்கும்; விமான நிலையமே மூடப்படும்; யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். தேதியைப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள்.

பாலிக்குப் போகும் நம்மவர்கள் பலருக்கு பெசாக்கி கோயிலையும் லெம்புயாங் கோயிலையும் தரிசிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அவை மலைமேல் உள்ளன. கிந்தாமணி என்ற மலைப்பகுதியோ ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். முக்குளித்த உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும்போது உயரத்துக்கு ஏறுவது விமானத்தில் ஏறுவதற்கு ஒப்பானது. ஆகவே கோயில்களை முதல் நாள்களில் தரிசித்துவிட்டு, அதன்பின் கடலுக்கு வாருங்கள். துலாம்பெனிலிருந்து திரும்பும்போது மலைப்பாதையைத் தவிர்த்துக் கரையோரச் சாலையில் வரச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு முக்குளிப்பு செய்திருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேரமும், பல முக்குளிப்புகள் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். முழுநாள் இடைவெளி விடுவதே என் வழக்கம். முக்குளிப்புக் காப்பீட்டைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். பொதுவான பயணக் காப்பீடு ஸ்கூபாவை உள்ளடக்கியுள்ளதா, எந்த ஆழம் வரை என்பதை அதன் நிபந்தனைகளில் படித்துப் பாருங்கள். வீடு திரும்பியபின் மூட்டுவலியோ, தோலில் விசித்திரமான தடிப்போ, கைகால் மரத்துப்போவதோ, தலைச்சுற்றலோ ஏற்பட்டால் களைப்பு என்று தள்ளிப்போடாதீர்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உயரழுத்த, முக்குளிப்பு மருத்துவ நிலையம் உள்ளது. நிலைமை மோசமாக இருந்தால் 995 என்ற எண்ணை அழைத்து, நீங்கள் முக்குளித்தவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கடைசி நாள் மாலையில் கருவிகளை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தும்போதே பதிவேட்டையும் எழுதிவிடுங்கள். எத்தனை கிலோ ஈயம், எந்தத் தடிமனுள்ள சட்டை, எந்த வகை உருளை, 5 மீட்டரில் 50 பாரோடு நிற்க முடிந்ததா என்ற நான்கையும் தவறாமல் குறியுங்கள். அடுத்த அட்டமிக்கு ஹந்துவுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒரு கிலோ குறைத்துப் பார்க்கலாமா என்று பயிற்றுநரிடம் கேளுங்கள்.